ஆரஞ்சு பின்னால் வருகிறது

சனிக்கிழமை சாயங்காலம் போனில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர்களில் ஒருவர்கூட ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நிற்கவில்லை. அயப்பாக்கம் ஹவுசிங் போர்டில் ராணியின் ஜெராக்ஸ் கடை வாசலில், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், மூன்று சைக்கிள்கள் மட்டும் ஸ்டாண்டு போட்டு நின்றன. ஒன்று ராணியுடையது. இன்னொன்று அடுத்த கடையான ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் ஜமீலாவுடையது. மூன்றாவது அஞ்சலையுடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வளையங்களை எண்ணி டப்பாவில் அடைக்கிற வேலை அவளுக்கு. வாரத்தில் ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அந்த ஒருநாளும் எல்லோருக்கும் முன்னால் வந்து, காற்று சரியாக இருக்கிற டயரையே மறுபடி மறுபடி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ராணி பம்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்தாள். பால்காரர் வந்தார். பேப்பர் போடுகிற பையன் போனான். ஒரு நாய் வந்து மூன்று சக்கரங்களையும் மோந்துவிட்டு, எதுவும் தோன்றாமல் திரும்பிப் போயிற்று.

ஜமீலா போனைத் திறந்து, வராதவர்கள் சொன்ன காரணங்களை வாசித்தாள். ஒருவருக்கு முட்டி வலி. ஒருவர் வீட்டுக்கு விருந்தாளி. ஒருவருடைய சைக்கிள் பரண்மேல் இருக்கிறதாம், இறக்கிக் கொடுக்க ஆளில்லையாம். மழை வரும்போல் இருக்கிறது என்று ஒருவர் போட்டிருந்தார். வானம் கழுவித் துடைத்துவைத்த தட்டுபோல் இருந்தது.

“அவரு பால்கனிக்கு மட்டும் தனியா மழ வருது போலக்கா,” என்றாள் ஜமீலா.

ராணிக்குச் சிரிப்பு வரவில்லை. ‘அயப்பாக்கம் மிதிவண்டி நண்பர்கள்’ என்று பெயர் வைத்து இரண்டு வருடமாகிறது. குழுவில் நூற்றுக்கும் மேலே ஆள் சேர்ந்தாயிற்று. காலை வணக்கம் போடுகிறார்கள், சைக்கிள் ஓட்டினால் சர்க்கரை குறையும் என்று வீடியோ அனுப்புகிறார்கள், பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். சைக்கிள் ஓட்டுவதற்கு மட்டும் ஆள் வருவதில்லை. நல்ல வாரமாக இருந்தால் எட்டுப் பேர். இல்லாவிட்டால் இப்படித்தான், மூன்று சைக்கிளும் ஒரு நாயும்.

அவள் ஒன்றும் பிறவியிலேயே சைக்கிள் பைத்தியம் இல்லை. மகன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது அவனுடைய சைக்கிளை பால்கனியில் விட்டுவிட்டுப் போனான். ஈரத்துணி காயப்போட அது வசதியாக இருந்தது. ஒருநாள் துணி எடுக்கப் போனவள், துணியைக் கீழே போட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஏரிக்கரை வரைக்கும் போனாள். எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. யாரும் கூப்பிடமுடியாத, யாருக்கும் நகலெடுத்துக் கொடுக்கவேண்டாத அந்த அரைமணி நேரம் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் நாற்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை தனியாக சைக்கிள் மிதித்தால் ஊர் சும்மா விடுமா? பெட்ரோல் காலியா ஆண்ட்டி என்று பைக்கில் போகிறவன் கேட்டுவிட்டுப் போவான். உரசிக்கொண்டு போவதுபோல் ஷேர் ஆட்டோக்காரன் ஒரு ஒடி ஒடிப்பான். ஒருத்தி போனால்தானே இந்தப் பேச்சு, பத்துப் பெண்கள் சேர்ந்து போனால் எவன் வாய் திறப்பான் என்று நினைத்துத்தான் குழு ஆரம்பித்தாள். கடைக்கு ஆதார் அட்டை நகலெடுக்க வருகிற பெண்களிடமெல்லாம், மெஷின் வெளிச்சம் ஓடி முடிவதற்குள், “ஊட்ல சைக்கிள் கீதா?” என்று கேட்டுவிடுவாள். இருக்கிறது என்பார்கள். வருகிறேன் என்பார்கள். மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு அத்தோடு சரி.

அவளுடைய வீட்டுக்காரர் எத்திராஜ் தண்ணீர் கேன் போடுகிற டெம்போ வைத்திருக்கிறார். அயப்பாக்கத்தில் நிலம் வைத்திருந்து, விற்று, அதே நிலத்தில் எழும்பிய மாடி வீடுகளுக்கு இப்போது தண்ணீர் தூக்குகிற குடும்பம். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் வாய் இருக்கிறதே.

“ஊட்ல கீற ஒருத்தனையே உன்னால சைக்கிள் மேல ஏத்த முடியல. நீ ஊரையே ஏத்தப் போறியாமே?” என்பார், காலை நீட்டிக் காப்பி குடித்துக்கொண்டே.

 அதற்கு அவளிடம் பதில் என்று ஒன்று இருந்தால் அது அஞ்சலைதான். குழுவில் மற்றவர்கள் எல்லோரும் முன்பே ஓட்டத் தெரிந்தவர்கள். ஒன்றும் தெரியாமல் வந்து, இங்கேயே விழுந்து, இங்கேயே எழுந்து, சைக்கிள் ஓட்டுகிறவளாக ஆனவள் அஞ்சலை ஒருத்திதான். போன வருடம் ஹவுசிங் போர்டு காலி மனையில் ராணி சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட, ஜமீலா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஓட, நாற்பது வயது அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டு பெடல் போட்டாள். கண்ணைத் திற என்றால், “தொறந்தா பயமா கீதுக்கா” என்றாள். ஓட்டப் பழகிய பிறகும் மனையை விட்டு ரோட்டுக்கு வரமாட்டேன் என்றாள். லாரி ஹாரன் கேட்டால் அவளுக்குக் கை விட்டுப்போய்விடும். எல்லோரும் முன்னால் போய்விட்டால், நான் பின்னால் விழுந்து கிடந்தால்கூட யாருக்கும் தெரியாதே என்பதுதான் அவள் பயம்.

அந்த பயத்துக்கு ஜமீலா கண்டுபிடித்த மருந்துதான் ஆரஞ்சு. மெட்ரோ வேலைக்காரர்கள் போட்டுக்கொள்வார்களே, வெள்ளிப் பட்டை ஒட்டின கையில்லாத ஆரஞ்சுச் சட்டை, அதில் ஒன்று வாங்கினார்கள். அதைப் போட்டுக்கொள்கிறவர்தான் வரிசையில் கடைசி ஆள். முன்னால் யார் எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஆரஞ்சு அவரைத் தாண்டக் கூடாது. அவர் நின்றால் ஆரஞ்சும் நிற்கும். “உன்ன ஆரஞ்சு தாண்டலன்னா நீ தொலையலன்னு அர்த்தம். செயின் கழண்டாலும், டயர் பூட்டாலும், அங்கயே நில்லு. தனியா நகராதே. ஆரஞ்சு வரும்” என்று சொல்லிச் சொல்லி, சாமி மந்திரம் மாதிரி அஞ்சலைக்கு மனப்பாடம் ஆக்கினார்கள். முதல் நாளிலிருந்து ஆரஞ்சைப் போட்டுக்கொண்டது ராணிதான். தலைவி முன்னால் போகவேண்டாமா என்று கேட்டவர்களிடம், நம்ம குழுவிலே தலை பின்னால்தான் என்பாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே ஒரு பெருமை.

வெங்கட் சேர்ந்தது அதற்குப் பிறகு. வானகரம் பைபாஸ் ஓரத்து அடுக்குமாடியில் குடியிருக்கிற கம்ப்யூட்டர் வேலைக்காரர். தூக்கினால் ஒரு விரலில் நிற்கிற சைக்கிள், முதுகில் மூன்று பை வைத்த சட்டை, மணிக்கட்டில் நெஞ்சு துடிப்பைச் சொல்கிற கடிகாரம். அவர் வருகிற வாரமெல்லாம் ஓட்டம் முடிந்ததும் சராசரி வேகம் என்ன என்று படித்துச் சொல்வார். அஞ்சலையால் அது குறைந்துவிடுகிறது என்பதையும் சொல்வார். குறையாகச் சொல்லமாட்டார், மழை அளவு சொல்வதுபோல் சொல்வார். ராணிக்கு எரிச்சல் வரும். ஆனால் குழுவுக்கு ஆள் கொண்டுவரக் கூடியவரும் அவர் ஒருவர்தான். அடுக்குமாடியில் அவருக்கு அதே மாதிரி சட்டை போட்ட சிநேகிதர்கள் ஒரு கூட்டமே இருந்தார்கள்.

அவர் மூலமாகத்தான் பூந்தமல்லியிலிருந்து அந்த அழைப்பு வந்தது. டிரங்க் ரோட்டில் லோகநாதன் என்பவர் புதிதாக சைக்கிள் ஷோரூம் திறக்கிறார். திறப்பு விழாவுக்கு உள்ளூர் சைக்கிள் குழு ஒன்று ஊர்வலமாக வந்து இறங்கினால் நன்றாக இருக்கும் என்று அவருக்கு ஆசை. ராணி நேரில் போய்ப் பார்த்தாள். மனுஷர் மரியாதையாகத்தான் பேசினார். வருகிறவர்களுக்கெல்லாம் குழுவின் பெயர் போட்ட டீ சர்ட். இனிமேல் ஒவ்வொரு ஞாயிறும் குழு தன் கடை வாசலில் வந்து இறங்கலாம், மெக்கானிக் இருப்பார், காற்று இருக்கும், தண்ணீர் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பின்பக்கம் ஒரு கதவைத் திறந்து காட்டினார். பெண்களுக்கென்று தனியாக ஒரு கழிப்பறை. வெள்ளை ஓடு பதித்து, தாழ்ப்பாள் சரியாக விழுகிற கதவோடு.

ராணி அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முட்டி வலி, விருந்தாளி, மழை என்று காரணம் சொல்கிற பெண்களில் பாதிப் பேர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் இதுதான் என்று அவளுக்குத் தெரியும். வீட்டிலிருந்து கிளம்பி வீடு திரும்புகிறவரைக்கும் வழியில் ஒரு இடம் கிடையாது. ஆண்கள் மரத்தைத் தேடிப் போய்விடுவார்கள். இந்த ஒரு கதவு இருந்தால் போதும். இருபது பெண்களை அவளால் கொண்டுவந்து நிறுத்தமுடியும்.

“ஒண்ணே ஒண்ணும்மா,” என்றார் லோகநாதன். “முப்பது பேராச்சும் வரணும். எட்டுப் பேரு வந்து நின்னா, கல்யாணத்துக்குப் போறவங்க வழி தெரியாம இங்க எறங்கிட்ட மாதிரி இருக்கும்.”

முப்பது பேர் வருவார்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு வந்து இரண்டு வாரம் பட்ட பாடு இருக்கிறதே, மகன் அட்மிஷனுக்குக்கூட அப்படி அலைந்ததில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டாள். பரண்மேல் இருந்த சைக்கிளை எத்திராஜின் டெம்போ பையனை விட்டு இறக்கினாள். பஞ்சர் ஒட்டவைத்தாள். முட்டி வலிக்காரரிடம், பாதி தூரம் வந்தால் போதும், போட்டோவுக்கு நின்றால் போதும் என்றாள். சொல்லும்போதே அவளுக்கு வாய் கசந்தது. அஞ்சலை மட்டும் தானாக வந்து கேட்டாள், பூந்தமல்லி ரோட்டில் லாரி நிறைய வருமே என்று. வரும் என்றாள் ராணி.

“பின்னால ஆரஞ்சு வரும்ல?”

“நான் வருவேன்டி.”

“அப்ப நானும் வர்றேன்.”

அந்த ஞாயிறு உண்மையிலேயே கூட்டம் வந்தது. கடை வாசலில் சைக்கிள்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றபோது ராணி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். வெங்கட்டின் சிநேகிதர்கள் பளபளவென்று வந்து இறங்கினார்கள். சுடிதாரில் பாக்கெட் கிடையாதாகையால், வழக்கம்போல் பெண்களெல்லாம் தங்கள் போன்களை ராணியின் சைக்கிள் கூடையிலிருந்த துணிப்பையில் போட்டார்கள். அஞ்சலையும் தன் போனைக் கைக்குட்டையில் சுற்றிப் போட்டாள். மகளுடைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், அது தோளில் கொஞ்சம் இறுக்கம். எத்திராஜ் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார், கிண்டல் செய்யவில்லை. அதுவே பெரிய விஷயம். ராணி ஆரஞ்சை மாட்டிக்கொண்டு கடைசியில் நின்றாள். அவளுக்கு முன்னால் அஞ்சலை, அதற்கு முன்னால் அந்த நீண்ட வரிசை, மணிச்சத்தம்.

திருவேற்காடு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கோயில் தெரு தாண்டி எல்லோரும் தண்ணீர் குடிக்க நின்றபோது லோகநாதன் கூப்பிட்டார். சிறப்பு விருந்தினர் சீக்கிரமே வந்துவிட்டாராம், இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறதாம், குழுத் தலைவி முன்னால் வந்து ரிப்பனைப் பிடிக்கவேண்டுமாம். நீங்கள் கடைசியில் வந்தால் எப்படிம்மா என்றார். ராணி தயங்கினாள். “இன்னைக்கு ஒரு நாள் நீங்க லீட் பண்ணுங்க மேடம். ஆரஞ்ச நான் பாத்துக்கறேன்” என்று வெங்கட் கையை நீட்டினார். ரிப்பன் நினைவிலும் அந்தக் கழிப்பறைக் கதவு நினைவிலும் அவள் ஆரஞ்சைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வரிசைக்கு முன்னால் போக எழுந்து மிதித்தாள். ஏற்கெனவே கிளம்பியிருந்த அஞ்சலையைத் தாண்டும்போது, “ஆரஞ்சு பின்னால வருது, பயப்படாத” என்று குரல் கொடுத்தாள். யாரிடம் இருக்கிறது என்று சொல்லவில்லை. அஞ்சலையும் கேட்கவில்லை. ஆரஞ்சு பின்னால் இருக்கிறது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

முன்னால் போவது எப்படி இருக்கும் என்று ராணிக்கு அன்றுதான் தெரிந்தது. வேலப்பன்சாவடியில் டிரங்க் ரோட்டில் ஏறியபோது அவளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. திரும்பிப் பார்த்தால் வளைவு முழுக்கச் சைக்கிள். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் போட்டோ எடுத்தார்கள். எவனும் ஆண்ட்டி என்று கத்தவில்லை. குமணன்சாவடி வந்ததும் மெட்ரோ தூண்களின் நிழல் ஒன்று மாற்றி ஒன்றாக அவள்மேல் விழுந்து விலகியது. இதற்காகத்தான், இதற்காகத்தான் என்று பெடலோடு சேர்ந்து மனசு சொல்லிக்கொண்டே வந்தது. வழியில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டே பின்னாலிருந்து வந்து அவளைத் தாண்டிப் போய், திரும்பி நின்று படம் பிடித்தார். யாரென்று அவள் பார்க்கவில்லை. கையை மட்டும் ஆட்டினாள்.

ஷோரூம் வாசலில் ஸ்பீக்கர் அலறியது. ரிப்பன் வெட்டினார்கள். விருந்தினர் மைக்கில் சைக்கிளைப் பற்றிப் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போனார். பெரிய பேனருக்கு முன்னால் எல்லோரையும் நெருக்கி நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். ராணி நடுவில், மாலையோடு. பெண்கள் நாலைந்து பேர் நேராகப் பின்பக்கக் கதவைத் தேடிப் போய்விட்டு வந்து, இடம் நன்றாக இருக்கிறது என்று அவள் காதில் சொன்னார்கள். அவளுக்கு எந்த மாலையையும்விட அதுதான் பெரிதாக இருந்தது. பிறகு டீ சர்ட் கொடுத்தார்கள். கொடுத்து முடிந்ததும் லோகநாதன் கையில் ஒன்று மிஞ்சியது.

“சரியா எண்ணித்தாம்மா அடிச்சோம். ஒண்ணு நிக்கிது. உங்க வீட்டுக்காரருக்கு எடுத்துக்கோங்க.”

ராணி அதை வாங்கிப் பார்த்தாள். கழுத்துப் பட்டையில் அளவு போட்டிருந்தது. சின்ன அளவு. எல்லோருடைய அளவையும் அவள்தான் கேட்டு எழுதி அனுப்பியிருந்தாள். சின்ன அளவு கேட்டது ஒருத்திதான். அவள் தலையைத் தூக்கிக் கூட்டத்தைத் தேடினாள். ஜமீலாவும் அதே நேரத்தில் தேடிக்கொண்டிருந்தாள்.

“அஞ்சலக்கா எங்க?”

வெங்கட் படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் ஆரஞ்சு இல்லை. கேட்டதும் முதுகுப் பையிலிருந்து கைக்குட்டை அளவுக்கு மடித்து வைத்திருந்த ஆரஞ்சை எடுத்து நீட்டினார். எல்லோரும் வருவதை எதிரிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லி லோகநாதன் சார் போன் பண்ணினாராம். வேகமாக மிதித்தால் சட்டை படபடவென்று அடித்துக்கொள்கிறதாம், அதனால் கழற்றினாராம். விட்டுவிட்டுப் போகிறோமே என்று பார்க்காமல் இல்லை. பார்த்தார். கேட்கவும் செய்தார்.

“வேலப்பன்சாவடி தாண்டி அவங்க ஓரமா நின்னுட்டிருந்தாங்க மேடம், குனிஞ்சு செயினப் பாத்துட்டு. ஸ்லோ பண்ணி ‘ஓகேவா’ன்னு கேட்டேன். ‘ஓகே சார், நீங்க போங்க’ன்னாங்க. சிரிச்சிட்டுத்தான் சொன்னாங்க.”

பொய் இல்லை. அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள், சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பாள் என்று ராணிக்குத் தெரிந்தது. ஆரஞ்சு போடாத ஒருவர் தாண்டிப் போனால் அவளுக்கு என்ன கவலை? ஆரஞ்சு இன்னும் பின்னால் வருகிறதே. வெங்கட்டைத் திட்டவேண்டும்போல் இருந்தது. திட்ட வார்த்தை தேடினால் எல்லா வார்த்தையும் சுற்றிக்கொண்டு தன்னிடமே வந்து நின்றது. மற்ற பெண்கள் தங்கள் போன்களை எடுத்துக்கொண்டுவிட்ட துணிப்பையில் கையை விட்டாள். கைக்குட்டையில் சுற்றிய போன் அடியில் கிடந்தது. மகள் நாலு தடவை கூப்பிட்டிருந்தாள்.

ஜமீலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் ஏதாவது கிண்டல் வைத்திருக்கிற வாய் அப்போது தணிந்துபோயிருந்தது.

“ஆரஞ்சு வராம நகராதேன்னு நாமதான்க்கா சொல்லிக் குடுத்தோம். அவ நகரமாட்டா.”

நானும் வருகிறேன் என்றார் வெங்கட். பத்தே நிமிஷத்தில் போய்விடுவேன் என்றார். வேண்டாம் என்று ராணி சொன்ன தொனியில் அவர் இரண்டடி பின்னால் போனார். மற்ற பெண்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஜமீலாவை நிறுத்திவிட்டு, மாலையைக் கழற்றி ஷோரூம் சைக்கிள் ஒன்றின்மேல் போட்டுவிட்டு, டீ சர்ட்டையும் ஆரஞ்சையும் கூடையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

வரும்போது பூ மாதிரி இருந்த ரோடு, திரும்பும்போது வேறு ரோடாக இருந்தது. வெயில் ஏறிவிட்டது. மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத் தடுப்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் போகிற அகலம்தான் இருந்தது, அதிலும் பைக்குகள் எதிர்த்தாற்போல் வந்தன. ஒரு மணல் லாரி அவள் தோளுக்குப் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தது. அவளே தகரத்தோடு ஒட்டி ஒதுங்கினாள். இந்த ஹாரனுக்கு நடுவிலா அஞ்சலையைக் கூட்டிவந்தோம் என்று நினைத்தாள். யார்மேல் கோபம் என்று அவளுக்கே புரியவில்லை. முப்பது கேட்ட லோகநாதன்மேல், எட்டுக்கு மேல் வராத ஊர்மேல், ஓகேவா என்று கேட்டதோடு கடமை முடிந்த வெங்கட்மேல், ஒரு வார்த்தை சத்தமாகக் கேட்கத் தெரியாத அஞ்சலைமேலேகூட. நூறு பேரைத் துரத்தித் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினோம், தானாக வந்த ஒருத்தியை வழியில் விட்டுவிட்டோம். கால் மிதித்தது, சைக்கிள் நகரவே இல்லைபோல் இருந்தது.

குமணன்சாவடி சிக்னலில் நின்றபோது போன் அடித்தது. எத்திராஜ். போட்டோ அதற்குள் எங்கெல்லாமோ போய்விட்டிருந்தது.

“இன்னாமே, மால கீல போட்டு ஷோக்கா நிக்கிற. நம்ம கேன் போடற ஊட்லலாம் காட்னேன். ஒம் பொஞ்சாதியான்னு கேக்கறாங்க.” அவர் குரலில் கிண்டல் இல்லை. இத்தனை வருடத்தில் இந்த விஷயத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. “அடுத்த வாரம் நானும் வரட்டா? பழைய சைக்கிள் ஒண்ணு சொல்லி வெச்சிக்கறேன்.”

அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். சிக்னலில் பச்சை விழுந்தது.

வேலப்பன்சாவடிக்கு முன்னால் ரோட்டின் அந்தப் பக்கம் ஒரு பெரிய கல்யாண மண்டபம். முகூர்த்த நாள். வாசலில் வாழைமரமும் பூ வளைவும், உள்ளே நாதஸ்வரம். காரிலிருந்து பட்டுப்புடவைகள் இறங்கிக்கொண்டிருந்தன. நடுத் தடுப்புச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தபோது ராணிக்கு முதலில் சைக்கிள்தான் தெரிந்தது. பூ வளைவின் காலடியில் ஓரமாக, நேராக ஸ்டாண்டு போட்டு நின்றது. அதன் பக்கத்தில் அஞ்சலை. முதுகு மட்டும் தெரிந்தது, மகளுடைய சுடிதார் தோளில் இழுத்துப் பிடித்திருக்க. பூந்தமல்லிப் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. திருவேற்காட்டிலிருந்து வந்து சேர்கிற ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணத்துக்கு வந்த யாரோ ஒரு பெரியவர் அவளிடம் ஒரு டம்ளரை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, குடிக்கும்போதும் டம்ளருக்கு மேலாக ரோட்டையே பார்த்தாள்.

ராணி கூப்பிட்டாள். நடுவில் ஓடுகிற வண்டிச் சத்தத்தில் அது அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. திரும்புகிற இடம் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளித்தான் இருந்தது. அங்கே போய்த் திரும்பினால், அஞ்சலை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாளோ அந்தப் பக்கத்திலிருந்தே வந்துசேரவேண்டும். திருப்பத்தில் காலூன்றி நின்றவள், கூடையைப் பார்த்தாள். டீ சர்ட்டுக்கு அடியிலிருந்து ஆரஞ்சின் ஒரு முனை எட்டிப் பார்த்தது. போட்டுக்கொண்டு போனால் என்ன? தாமதமாக வந்துவிட்டேன் என்று சொன்னால் முடிந்தது. அவள் நம்புவாள். சொன்னதையெல்லாம் நம்புகிறவள்தானே. அந்த எண்ணம் வந்ததும் ராணிக்கு முகத்தில் யாரோ அறைந்ததுபோல் இருந்தது. முனையை உள்ளே தள்ளிவிட்டு மிதித்தாள்.

அஞ்சலை அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, அவள் கண் ராணியைத் தாண்டிப் பின்னால் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும்தான் திரும்பி ராணிமேல் வந்து நின்றது. கை இரண்டும் கிரீஸ். நெற்றியில், வேர்வை துடைத்த இடத்திலும் ஒரு கறுப்புக் கோடு.

“இன்னாக்கா, நீ இந்தப் பக்கமா வர? போட்டோலாம் எடுத்தாச்சா?”

செயின் என்ன ஆயிற்று என்று ராணி கேட்டாள். கேட்க வேண்டியது அது இல்லை, ஆனால் வாயில் அதுதான் வந்தது. அப்போதே மாட்டிவிட்டேன் என்றாள் அஞ்சலை. நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே பின்பக்கப் பல்லில் வைத்து பெடலைத் திருப்பினேன், உட்கார்ந்துகொண்டது என்று சொல்லி, பெடலைக் காலால் சுற்றிக் காட்டினாள். செயின் சத்தமில்லாமல் ஓடியது. வெங்கட் சார் போன கொஞ்ச நேரத்திலேயே மாட்டியாயிற்றாம்.

“அப்ப ஏன்டி கெளம்பல?”

“எங்க கெளம்பறது? ஆரஞ்சு இன்னும் வர்லயே.” அவள் மறுபடி ரோட்டைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இன்னைக்கு யாராண்ட குடுத்த, எனக்குத் தெர்ல. புதுசா வந்தவங்களா? பாவம், பின்னால இன்னாவோ ஆயிப்பூட்டுக்குது அவங்களுக்கு. நானும் பூட்டேன்னா அவங்க தனியா மாட்டிக்குவாங்கல்ல, அதான் நின்னுகினு கீறேன். போனும் உன்னாண்ட கீது, சொல்லவும் முடியல.”

மண்டபத்துக்குள் கெட்டிமேளம் கொட்டியது. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் அட்சதையோடு உள்ளே ஓடினார்கள். பூ வளைவுக்கு அடியில் இவர்கள் இருவரும் இரண்டு சைக்கிளும் மட்டும்தான்.

“இன்னும் ஒரு அஞ்சு நிமிசம் பாப்போம்க்கா,” என்றாள் அஞ்சலை. “வர்லன்னா, ரெண்டு பேருமா அந்தாண்ட போய்ப் பாத்துட்டு வந்துருவோம். எனக்கு ஒண்ணும் பயமில்ல.”

ராணி சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாள். கூடைக்குள் கையை விட்டாள். சின்ன அளவு டீ சர்ட் கையில் பட்டது, கைக்குட்டையில் சுற்றிய போன் பட்டது. அதற்கும் அடியில் அந்த வழுவழுப்பான துணி. அதைப் பிடித்து மெல்ல இழுத்தாள். பாதி வெளியே வந்த ஆரஞ்சின்மேல் வெயில் விழுந்து, வெள்ளிப் பட்டை கண்ணைக் கூசவைத்தது. அஞ்சலை கறுப்புக் கையை நெற்றிக்கு மேலே குடைபோல் வைத்துக்கொண்டு, திருவேற்காட்டிலிருந்து வருகிற ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.